வயது மைனஸ் இரண்டு

அந்தப் பள்ளியில் தப்பு செய்கிற வேலை மாணவர்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கிற வேலை மற்றவர்களுடையது. இந்த ஏற்பாடு பல வருடங்களாக ஒழுங்காக நடந்து வந்தது. ஒரு வருடம் பொதுத்தேர்வில் கணக்குப் பாடத்தின் மதிப்பெண்கள் சரிந்தபோதுதான், இது போதாது என்று தலைமையாசிரியருக்குப் பட்டது. பிள்ளைகளுக்குக் கணக்கு தெரிகிறது, கவனமில்லாமல் கூட்டல் கழித்தலில் கோட்டை விடுகிறார்கள் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். தலைமையாசிரியர் 'கவனக்குறைவு ஒழிப்புப் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கி, நூலகத்தைக் காலி செய்து அதற்கு அறை கொடுத்தார்.

பிரிவுக்குத் தலைவராக, அதாவது கவன அலுவலராக, நியமிக்கப்பட்டவர் அதுவரை தண்ணீர் சிக்கனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பள்ளியின் குழாய்களையெல்லாம் கழற்றிவிட்டு, தண்ணீர் வீணாவதை அடியோடு நிறுத்திக் காட்டிய சாதனையாளர்.

புதிய பொறுப்பிலும் அவர் அதே வேகத்தில் இறங்கினார். கணக்குப் போடும் மாணவர்கள் ஒவ்வொரு வரி முடிந்ததும் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் பதித்துக் கண்ணை மூடி, 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். கண்ணைத் திறந்து, எழுதிய வரியைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்து உண்மையானதுதானா என்று வரிசைத் தலைவர் பார்த்து இன்னொரு கையெழுத்துப் போடுவார். பிறகு அடுத்த வரி.

இந்த முறையில் நடந்த முதல் தேர்வில், மணி அடித்தபோது வகுப்பு மூன்றாவது கேள்வியைத்தான் முடித்திருந்தது. தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் நெகிழ்ந்து பேசினார்.

"முன்னெல்லாம் நம்ம பிள்ளைங்க முப்பது கணக்குப் போட்டு ஆறு தப்பு பண்ணுவாங்க. இன்னைக்கு மூணு கணக்குப் போட்டு ஒரு தப்புகூட இல்லை! இப்படியே போனா, ஒரு கணக்குமே போடாம, ஒரு தப்புமே இல்லாம வெளிய வர்ற மாணவனை இந்தப் பள்ளி உருவாக்கும். அந்த நாள் ரொம்ப தூரத்துல இல்லை."

எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டுவதற்கு முன் கண்ணை மூடித் திறந்தார்கள்.

தட்டாமல் நின்ற ஒருத்தியைப் பற்றித்தான் இந்தக் கதை. லிஃப்ட் பழுதுபார்க்கிறவரின் மகள். வீட்டில் அவள் பாப்பா, வகுப்பில் அவளுக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் அவள் இரண்டு கணக்கை முடித்திருப்பாள். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கை ஓடுகிற வேகத்துக்குக் கண் ஓடாது. முதல் வரியில் இருந்த மைனஸ் மூன்றாவது வரிக்கு வருவதற்குள் எங்கேயோ இறங்கிப் போயிருக்கும். விமானங்களைப் பழுதுபார்க்கும் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குக் கணக்கில் நல்ல மதிப்பெண் வேண்டும்.

"நானாவது கயித்துல கட்டி மேல ஏத்துறேன். எம் பொண்ணு கயிறே இல்லாம ஏத்தப் போறாளாம்," என்று அவளுடைய அப்பா வேலைக்குப் போகும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தன் கை தன்னை ஏமாற்றுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். விடை வந்ததும் அதைத் தூக்கித் திரும்பவும் கேள்விக்குள் போட்டுப் பார்ப்பாள். பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் எங்கே மைனஸ் இறங்கியது என்று தேடிப் போவாள். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. போன வருடத்தைவிட அவளுடைய தப்புகள் நன்றாகவே குறைந்திருந்தன.

இதைக் கவன அலுவலர் ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தார்.

"என்ன பண்றே?"

"விடை சரியான்னு பாக்கறேன் சார்."

"யார் சொல்லி?"

"நானாதான் சார்."

அலுவலரின் முகம் சுருங்கியது. "நீயே போட்டு, நீயே பார்த்து, நீயே சரின்னு சொல்லிக்கிட்டா, அப்புறம் பிரிவுன்னு ஒண்ணு எதுக்கு? நாங்க அத்தனை பேரு எதுக்கு? நூலகத்தை எதுக்குக் காலி பண்ணோம்?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு அவளிடமும் விடை இல்லை. கவனக்குறைவுக்காரி என்பதற்கு அடையாளமாக அவள் மணிக்கட்டில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டப்பட்டது. அவளுடைய அப்பாவும் வரவழைக்கப்பட்டார். கவனக்குறைவு குடும்ப வழியாக வருகிறதா என்று பிரிவு ஆராய்ந்து கொண்டிருந்தது.

"வீட்ல யாராவது செருப்பை மாத்திப் போட்டுட்டுப் போற பழக்கம் உண்டா?" என்று அலுவலர் கேட்டார்.

அப்பா யோசித்தார். "எங்க மச்சான் ஒருதடவை என் செருப்பைப் போட்டுட்டுப் போனாரு சார். ஆனா அது கவனக்குறைவு இல்லை. என்னது புதுசு."

"தாய்வழி," என்று அலுவலர் குறித்துக்கொண்டார்.

பொதுத்தேர்வுக்கு முன்னால் கடைசி மாதிரித் தேர்வு வந்தது. அதன் வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் இந்த முறை கணக்கு டீச்சரிடம் விடாமல் அலுவலரே தன் கையால் தயாரித்தார். விடைக்குறிப்பில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் போட்டவரின் கையெழுத்து சரியாக இருக்கிறதா என்று மிகுந்த கவனத்துடன் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

முதல் கேள்வி எளிமையானது. 'ஒரு சிறுமியின் வயதிலிருந்து ஐந்தைக் கழித்து, வந்ததை ஏழிலிருந்து கழித்தால் நான்கு கிடைக்கிறது. சிறுமியின் வயது என்ன?'

வகுப்பு முழுவதும் எட்டு என்று எழுதியது. எட்டில் ஐந்து போனால் மூன்று, ஏழில் மூன்று போனால் நான்கு. அவ்வளவுதான் விஷயம்.

விடைக்குறிப்பில் மைனஸ் இரண்டு என்று இருந்தது. வயதையும் ஐந்தையும் போட்ட அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது உள்ளே இருந்த மைனஸ் பிளஸ்ஸாக மாறியிருக்க வேண்டும். அலுவலர் கையில் அது மாறவில்லை.

ஒரு வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் ஒரே கேள்வியில் தப்பு செய்தார்கள் என்ற செய்தி பிரிவுக்கு எட்டியபோது, அலுவலர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் முகத்தில் கவலை இருந்தது என்று சிலர் சொன்னார்கள். அதைவிட மகிழ்ச்சிதான் அதிகம் இருந்தது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். கவனக்குறைவு இவ்வளவு பெரிதாக இருந்தால் பிரிவையும் பெரிதாக்கத்தானே வேண்டும்? அன்று மாலைக்குள் ஆய்வகமும் காலி செய்யப்பட்டது.

மறுநாள் வகுப்பில் அவசரம் எழுந்து நின்றாள். "டீச்சர், முதல் கேள்விக்கு விடை எட்டுதானே?"

கணக்கு டீச்சர் கதவைப் பார்த்தார். நல்லவர், நன்றாகப் பாடம் நடத்துபவர், இன்னும் நிரந்தரமாக்கப்படாதவர்.

"வீட்ல போட்டப்போ எட்டுதான் வந்துச்சு," என்றார் மெதுவாக. "இங்க வந்து போட்டா மைனஸ் ரெண்டு வருது."

"டீச்சர், ஒருத்திக்கு வயசு எப்படி மைனஸ் ரெண்டா இருக்கும்?"

"உக்காருமா. ப்ளீஸ்."

அடுத்து சுற்றறிக்கை வந்தது. முதல் கேள்வியில் தவறியவர்கள் 'என் கவனக்குறைவால் எட்டு என்று எழுதிவிட்டேன். சரியான விடை மைனஸ் இரண்டு' என்று கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்களுக்குத்தான் பொதுத்தேர்வின் ஹால் டிக்கெட். சுற்றறிக்கையில் போட்டிருந்த தேதி நவம்பர் முப்பத்தொன்று. நவம்பரில் அப்படி ஒரு நாளே இல்லை என்று யாரோ சொன்னதற்கு, நாட்களை எண்ணுவது தன் பிரிவில் வராது என்று அலுவலர் விளக்கினார்.

வகுப்பு எழுதிக் கொடுத்தது. அவளுடைய தோழி சுருட்டை முதல் ஆளாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எழுதிக் குடுத்துட்டு டிக்கெட்டை வாங்குடி. வெளிய போய் எட்டுன்னு கத்து, யாரு வேணாங்கிறா?"

"அதோட விட்டாங்களா? இனிமே அடைப்புக்குறியை இப்படித்தான் பிரிக்கணும்னு நேத்து அலுவலர் புதுசா பயிற்சி நடத்தினாரு பாத்தியா? பக்கத்து வகுப்புல பாதிப் பேர் அதே மாதிரி போட ஆரம்பிச்சுட்டாங்க. நிஜப் பரீட்சையில அப்படிப் போட்டா மொத்தமா போச்சு."

சுருட்டை தன் நோட்டைப் புரட்டினாள். தானே காலையில் ஒரு கணக்கை அப்படிப் போட்டது ஞாபகம் வந்தது.

வீட்டில் அப்பா கெஞ்சினார். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒரு வரிதானே பாப்பா? எழுதிக் குடுத்துடும்மா. படிப்பு முக்கியமா, அந்தச் சின்னப் பொண்ணு வயசு முக்கியமா?"

"நான் தப்பு பண்ணா நூறு தடவை எழுதிக் குடுக்கறேன்ப்பா. எத்தனை தடவை குடுத்திருக்கேன், உங்களுக்கே தெரியும். இது நான் பண்ணாதது."

"பெரியவங்ககிட்ட எதிர்த்து நிக்கிறது நல்லதுக்கில்லைம்மா."

"நான் எதிர்த்தெல்லாம் நிக்கலை. நின்ன இடத்துல நிக்கறேன். அவங்கதான் என்னைத் தள்ளுறாங்க."

அம்மா அடுக்களையிலிருந்து, "அவ சொல்றது சரிதானே?" என்று கேட்டாள். அப்பாவுக்கு இரண்டு பக்கமும் இடி.

அவள் எழுதித் தராததற்கான விசாரணை ஆய்வகத்தில் நடந்தது. நடுவில் தலைமையாசிரியர், பக்கத்தில் கவன அலுவலர், சுவரோரம் கணக்கு டீச்சர். எதிரே அப்பாவும் மகளும். எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கூட்டி வருகிறேன் என்று சொல்லித்தான் அப்பா வந்திருந்தார். வந்த பிறகு, சமாதானமாக ஒரு வார்த்தை பேசிப் பார்ப்போம் என்று நினைத்தார்.

"சார், எனக்குத் தெரிஞ்சு மைனஸ் ரெண்டுன்னா அடித்தளம். காரெல்லாம் நிறுத்துற இடம். லிஃப்ட்ல அந்தப் பட்டன் இருக்கும். மனுஷனுக்கு அப்படி வயசு..."

"பாத்தீங்களா!" என்று அலுவலர் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "மைனஸ் ரெண்டு இருக்குன்னு தகப்பனாரே ஒத்துக்கிறாரு. பட்டனே இருக்காம்!"

"எழுதிக்குங்க," என்றார் தலைமையாசிரியர்.

அப்பா திகைத்துப் போனார். அவசரம் எழுந்தாள்.

"சார், அந்தச் சிறுமிக்கு மைனஸ் ரெண்டு வயசுன்னா அர்த்தம் என்ன?"

அலுவலர் இந்தக் கேள்விக்குத் தயாராகவே இருந்தார். "அவ இன்னும் பொறக்கலை. இன்னும் ரெண்டு வருஷத்துல பொறப்பா. இதுல என்ன குழப்பம்? தொலைநோக்கோட யோசிக்கணும். உங்களுக்கெல்லாம் கண்ணு முன்னால இருக்கிறவங்க வயசு மட்டும்தான் தெரியுது."

"பொறக்காதவளைச் சிறுமின்னு எப்படி சார் சொல்றது?"

"அதுதான் நம்பிக்கை," என்றார் அலுவலர்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "இதோ பாரும்மா. விடைக்குறிப்புங்கிறது கணக்குப் போட்டு வர்றது இல்லை. ஒப்புதல் ஆகி வர்றது. ஏழு பேர் ஒப்புதல் குடுத்திருக்காங்க. உன் எட்டுக்கு யார் ஒப்புதல் குடுத்தா?"

அவள் வாயைத் திறந்தாள். கோபத்தில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அப்பா அதைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எனக்குக் கணக்கு வராது சார். உங்க அளவுக்குப் பேசவும் வராது. ஆனா பொறக்காத பொண்ணுக்காகப் பொறந்த பொண்ணை அழ வைக்காதீங்க. இவ எழுதித் தர மாட்டா. நானும் எழுதச் சொல்ல மாட்டேன். வாம்மா."

வெளியே வந்து வண்டியைக் கிளப்பினார். "விடை எட்டுதானே?" என்று அப்பா ஒருமுறை கேட்டுக்கொண்டார். "எட்டுதான்ப்பா," என்றாள். "அப்ப சரி," என்றார்.

பிரிவு அசரவில்லை. ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளில் அவள் மேடையில் ஏறி, எல்லார் முன்னாலும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டால் போதும், எழுதிக்கூடத் தர வேண்டாம் என்று கருணையோடு இறங்கி வந்தது. படிக்காவிட்டால் டிக்கெட் இல்லை.

அவள் மேடை ஏறினாள். கீழே இறுதி வகுப்புகள் மொத்தமும் உள்ளங்கையைத் தொடைமேல் பதித்து உட்கார்ந்திருந்தன. மைக்கைக் கையில் வாங்கினாள்.

"விடை மைனஸ் ரெண்டுன்னே வச்சுக்குவோம்," என்றாள். கவன அலுவலர் திருப்தியோடு தலையாட்டினார். "அதைத் திரும்பக் கேள்விக்குள்ள போடுவோம். மைனஸ் ரெண்டுல அஞ்சைக் கழிச்சா மைனஸ் ஏழு. ஏழுல மைனஸ் ஏழைக் கழிச்சா எவ்வளவு?"

விதிப்படி எல்லாரும் கண்ணை மூடினார்கள். சிலருடைய உதடு அசைந்தது.

"கண்ணை மூடாதீங்க. எவ்வளவு?"

"பதினாலு," என்று சுருட்டை முதலில் சொன்னாள்.

"கேள்வியில எவ்வளவு வரணும்னு இருக்கு?"

"நாலு!" என்று இப்போது பல குரல்கள் எழுந்தன. பின்வரிசையிலிருந்து யாரோ "எட்டு! எட்டு!" என்று கத்த, அரங்கம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. அலுவலர் விசில் ஊதினார். ஊத ஊத எட்டு பலத்தது. சுவரோரம் நின்ற கணக்கு டீச்சரும் எட்டு என்றுதான் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வைத்தே சொன்னார்.

தலைமையாசிரியரின் அறையில் அவசரக் கூட்டம் நடந்தது. ஒரு ஆளுக்கும் டிக்கெட் கொடுக்கக் கூடாது என்றார் அலுவலர்.

"ஒருத்தரும் எழுதலைன்னா ஒருத்தரும் பெயிலாக மாட்டாங்க சார். தப்பே இல்லாத வருஷம்!"

தலைமையாசிரியர் ஒரு கணம் அந்தக் கனவில் மூழ்கிவிட்டார். அலுவலகக் கிளார்க்தான் அவரைக் கரை சேர்த்தார். "பாஸும் ஒருத்தரும் ஆக மாட்டாங்களே சார். வாசல்ல போர்டுல என்ன எழுதறது?"

சிறிது நேரத்தில் தலைமையாசிரியர் மலர்ந்த முகத்தோடு மேடைக்கு வந்தார்.

"அன்பான மாணவர்களே! முதல் கேள்வியின் விடை வேண்டுமென்றே தவறாக வைக்கப்பட்டது. உங்க கவனத்தைச் சோதிக்கிறதுக்காகக் கவனக்குறைவு ஒழிப்புப் பிரிவு நடத்திய மாபெரும் சோதனை இது. அதில் நீங்க ஜெயிச்சுட்டீங்க. பிரிவும் ஜெயிச்சுடுச்சு!"

ஹால் டிக்கெட்டோடு ஒரு பதக்கத்தையும் அவளிடம் நீட்டினார். அவள் டிக்கெட்டை எடுத்துக்கொண்டாள்.

"பதக்கம் வேண்டாம் சார். வேணும்னே போட்ட விடைன்னா, ஏழு பேரும் வேணும்னேதான் கையெழுத்துப் போட்டாங்களா?"

கையெழுத்துப் போட்ட ஏழு பேரும் மேடையில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார். பதக்கம் தலைமையாசிரியரின் கையிலேயே இருந்தது. கடைசியில் அதைக் கவன அலுவலருக்கு அணிவித்துவிட்டார்.

பொதுத்தேர்வில் அவள் தன் வழக்கப்படியே எழுதினாள். கண்ணை மூடவில்லை, உள்ளங்கையைப் பதிக்கவில்லை. ஒவ்வொரு விடையையும் கேள்விக்குள் திரும்பப் போட்டுப் பார்த்தாள். இரண்டு இடத்தில் மைனஸ் இறங்கிப் போயிருந்தது. தேடிப் பிடித்து ஏற்றினாள். பக்கத்து வகுப்புக்காரர்களில் பலர் அந்தப் புதிய முறையை மறப்பதற்குத் தேர்வுக்கு முந்தின வாரம் முழுவதும் கணக்கு டீச்சர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

முடிவு வந்தது. அவளுக்கு விமானப் படிப்புக்கு வேண்டியதற்கு மேலாகவே மதிப்பெண் வந்திருந்தது. ஆனால் முழு மதிப்பெண் இல்லை. ஒரு கணக்கில் கொஞ்சம் போயிருந்தது. சான்றிதழ் வாங்க அவள் பள்ளிக்கு வந்தபோது, வராந்தாவில் கவன அலுவலர் பதக்கத்தோடு நின்றிருந்தார்.

"கேள்விப்பட்டேன். பாத்தியா? கவனக்குறைவு! நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார். இவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் பார்த்ததே இல்லை.

"ஆமா சார்," என்றாள் அவள். "கடைசி வரியில ரெண்டால வகுக்க மறந்துட்டேன். அது ஒண்ணைத் திரும்பப் போட்டுப் பாக்கவும் நேரம் இல்லை. என் தப்புதான். யாரும் சோதிக்கிறதுக்காக வச்சது இல்லை, வேணும்னே பண்ணது இல்லை. நானே பண்ணேன், நானே சொல்றேன்." சான்றிதழைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "நீங்க உங்களோடதை எப்ப சார் சொல்லுவீங்க?"

அலுவலர் பதில் சொல்ல வாயெடுத்தார். தப்பை ஒப்புக்கொள்வது எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று அவருக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது வராந்தாவில் யாரும் இல்லை. வெளியே ஒரு வண்டி கிளம்பிப் போகிற சத்தம் மட்டும் கேட்டது.